நான்சி ஹாங்க்ஸ் யாருடைய மகள்? அப்பலாச்சிய ஆவணங்களில் ஒரு தாய்வழித் தேடல்

1860 மே 28 அன்று ஆபிரகாம் லிங்கன் கென்டக்கி மாநிலத்து எலிசபெத்டவுனுக்கு ஒரு கடிதம் எழுதினார். குடியரசுக் கட்சி அவரை அதிபர் வேட்பாளராக அறிவித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கடிதம் போனது சாமுவேல் ஹேக்ராஃப்ட் என்பவருக்கு. ஹார்டின் கவுண்டி நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு. லிங்கனின் தாய் பெயர் சாரா என்று அவர் நினைத்திருந்தார். நினைத்ததில் வியப்பில்லை. ஹார்டின் பதிவேடுகளில் தாமஸ் லிங்கனுக்கு இருப்பது 1819 டிசம்பரில் சாரா புஷ் ஜான்ஸ்டனுடன் நடந்த திருமணம்தான்.

அது தந்தையின் இரண்டாம் திருமணம் என்று லிங்கன் திருத்தினார். "என் தாயைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்திருக்கிறீர்கள். அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் நான்சி ஹாங்க்ஸ்." அவ்வளவுதான். அந்த நான்சி யாருடைய மகள் என்று ஒரு சொல்கூட இல்லை.

அந்தக் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்க 2015 வரை ஆயிற்று. உலகிலேயே அதிகமாகத் துருவப்பட்ட குடும்பங்களில் ஒன்றுக்கே இந்த நிலை. அப்பலாச்சிய மலைகளைத் தாண்டி மேற்கே போன சாதாரணக் குடும்பங்களின் வேர்களைத் தேடுகிறவர்கள் விழும் குழிகள் அத்தனையும் இந்த ஒரு வழக்கில் இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கவுண்டிகள் உடைந்துகொண்டே இருந்தன. கணக்கெடுப்புத் தாள்கள் தொலைந்தன. குடும்ப மானத்தைக் காக்கப் பின்னாளில் கட்டிய கதைகளும் உண்டு. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

தந்தைவழி: நிலத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்

தந்தையின் பக்கம் சிக்கல் குறைவு. ஆண்கள் நிலம் வாங்கினார்கள், விற்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பத்திரம் எழுதப்பட்டது. 1637-இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸின் ஹிங்ஹாமுக்கு வந்த சாமுவேல் லிங்கனில் தொடங்குகிறது வழி. பிறகு நியூ ஜெர்சி, பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டி. 1768-இல் ஜான் லிங்கன் தெற்கே இறங்கி, வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் லின்வில் ஓடைக்கரையில் 600 ஏக்கர் வாங்கினார். அவருடைய மகன் கேப்டன் ஆபிரகாம் லிங்கன்தான் மலையைத் தாண்டியவர். அதிபர் அவருக்குப் பேரன். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். இங்கே அது எழுத்துக்கு எழுத்து உண்மை. குலவரலாறு தேடுகிறவனுக்கு அதுவே தலைவலியும் கூட.

கேப்டன் ஆபிரகாம் 1780 பிப்ரவரியில் தம் 250 ஏக்கரை 5,000 பவுண்டுக்கு விற்றார். தொகையைப் பார்த்து ஆளைச் செல்வந்தர் என்று எண்ணிவிடக் கூடாது. புரட்சிப் போர்க் காலம் அது; வர்ஜீனியாவின் காகிதப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே கென்டக்கியில் 400 ஏக்கருக்கான கருவூல நில உத்தரவை, அதாவது அவ்வளவு நிலத்தை அளந்துகொள்ளும் உரிமைச் சீட்டை, 160 பவுண்டு கட்டி வாங்கினார். அதில் அவர் பெயர் 'லிங்க்ஹார்ன்'. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். எழுத்துக் கூட்டலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தேடினால் இந்தத் தாள் கண்ணில் படாமலே போய்விடும்.

குடும்பம் எப்போது புறப்பட்டது? இதைச் சொல்வது நிலம் விற்ற தேதி அல்ல, மனைவியின் சம்மதம். கணவன் நிலம் விற்றால் அதில் மனைவிக்குள்ள விதவைப் பங்கை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். கணவன் அருகில் இல்லாதபோது நீதிபதிகள் அவளிடம் தனியே கேட்டு உறுதிப்படுத்துவார்கள். கேப்டனின் மனைவி பாத்ஷெபாவிடம் அந்தச் சம்மதம் 1781 செப்டம்பரில்தான் பெறப்பட்டது. அப்படியானால் அதுவரை குடும்பம் வர்ஜீனியாவில் இருந்திருக்கிறது. "1781 அல்லது 82" என்று லிங்கன் 1859-இல் எழுதிய சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. குடும்பத்தில் வாய்மொழியாக வந்த செய்தியும் பத்திரமும் இங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன. எல்லாக் குடும்பத்திலும் இப்படி அமைவதில்லை.

1786-இல் கென்டக்கியில் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பூர்வகுடியினரின் தாக்குதலில் கேப்டன் கொல்லப்பட்டார். உயில் இல்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. மூத்த மகனுக்கே நிலமெல்லாம் என்ற பழைய சட்டத்தை வர்ஜீனியா ஒழித்திருந்தது. ஆனால் ஒழிப்பு நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1-இல். சில மாத இடைவெளியில் எல்லாம் அண்ணன் மொர்தெக்காய்க்குப் போயிற்று. கடைசி மகன் தாமஸ் கூலிக்கு உழைத்து வளர்ந்தார். நான்சியை மணந்த தாமஸ் இவர்தான்.

தாய்வழி: பதினோரு தலைகள்

நான்சியின் பக்கம் வந்தால் தரை வழுக்குகிறது.

ஹாங்க்ஸ் குடும்பத்தின் மூத்தவர் ஜோசப் ஹாங்க்ஸ். வர்ஜீனியாவின் கடலோரச் சமவெளியில், ரிச்மண்ட் கவுண்டியின் வடக்கு ஃபார்ன்ஹாம் திருச்சபை வட்டத்தைச் சேர்ந்தவர். அங்கே பிறப்புகளைத் திருச்சபை ஏட்டில் எழுதி வைத்தார்கள். மலைக்குள் வந்தபின் அந்த வசதி போயிற்று. அலெகனி மலையடிவாரத்தில் ஹாம்ப்ஷயர் கவுண்டியின் பேட்டர்சன் ஓடைப் பகுதிக்கு ஜோசப் குடிபெயர்ந்தார். எல்லைப்புறத்தில் ஏடு வைத்திருக்கும் குருமார் இல்லை. பிறப்பைப் பதிய அரசு அலுவலகமும் இல்லை. கென்டக்கி அரசு பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியதே 1852-இல்.

அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் நடந்தது. வர்ஜீனியாவுக்கான அதன் தாள்கள் இன்று இல்லை. கென்டக்கிக்கு 1790-உம் இல்லை, 1800-உம் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க ஆய்வாளர்கள் கையில் எடுப்பது 1782 முதல் 1785 வரை வர்ஜீனியா மாநிலம் எடுத்த வீட்டுக் கணக்கை. வீட்டுத் தலைவரின் பெயர், வீட்டில் எத்தனை பேர் என்ற எண், அவ்வளவுதான் அதில் இருக்கும்.

1782 ஹாம்ப்ஷயர் பட்டியலில் ஜோசப் ஹாங்க்ஸ் இருக்கிறார். எதிரே உள்ள எண் 11.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1784 மார்ச்சில் ஜோசப் தம் 108 ஏக்கர் நிலத்தைப் பீட்டர் பட்னம் என்பவருக்கு அடமானமாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கென்டக்கிக்குப் புறப்பட்டார். நான்சியின் பிறந்தநாளாக வழக்கமாகச் சொல்லப்படுவது அதே ஆண்டு பிப்ரவரி 5. அதை ஏற்றால், கைக்குழந்தையாக மலையைக் கடந்தவர் அவர். குடும்பம் நெல்சன் கவுண்டியில், ரோலிங் ஃபோர்க் ஆற்றுப் பகுதியில் தங்கியது. 1793 ஜனவரி 8 அன்று ஜோசப் உயில் எழுதினார். மே மாதம் நீதிமன்றம் அதை ஏற்றுப் பதிந்தது.

படிக்கச் சுவையான உயில் அது. ஐந்து மகன்களுக்கு ஆளுக்கொரு குதிரை. தாமஸுக்குக் கொடுத்த செந்நிறக் குதிரையின் பெயர் மேஜர். மூன்று மகள்களுக்கு ஆளுக்கொரு கிடாரி. எலிசபெத்துக்கு 'ஜென்டில்', பாலிக்கு 'லேடி', நான்சிக்கு 'பீடி'. கன்றுகாலிகளின் பெயரை இவ்வளவு அக்கறையாக எழுதிய மனிதர், ஒரு மகளின் பெயரை மட்டும் எழுதவே இல்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். உயிலில் எட்டுப் பிள்ளைகள். அப்பா அம்மாவோடு பத்து. 1782-இல் எண்ணியது பதினொன்று. மிஞ்சும் அந்த ஒருவரை வேலையாள் என்றோ உறவினர் என்றோ சொல்ல இடமிருக்கிறது. எண்ணுக்கு முகம் கிடையாது. ஆனாலும் லூசி என்ற பெண்ணுக்குப் பொருத்தமான இடம் ஒன்று அங்கே காலியாக இருக்கிறது. இந்த லூசி யார் என்பது பின்னால் வரும்.

மூன்று கதைகள்

நான்சி யாருடைய மகள் என்பதற்கு மூன்று விடைகள் போட்டியிட்டன.

முதல் விடை 1899-இல் கரோலின் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் வெளியிட்ட சிறு நூலில் வந்தது. ஜோசப்பின் உயிலை வெளிக்கொண்டுவந்தவர் அவரே. "இதோ உயிலில் நான்சி என்ற மகள் இருக்கிறாள்; லிங்கனின் தாய் இவள்தான்" என்றார். ஒழுங்கான திருமணத்தில் பிறந்த மகள், தந்தையின் உயிலில் இடம்பெற்றவள். பலருக்கும் அது நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தது டென்னிஸ் ஹாங்க்ஸின் பிறப்பு. லிங்கனோடு ஒரே குடும்பமாக வளர்ந்த டென்னிஸ் 1799-இல் பிறந்தவர். அவருடைய தாயின் பெயரும் நான்சி ஹாங்க்ஸ். அந்த நான்சி பிறகு லீவை ஹால் என்பவரை மணந்தார். ஆக ஒரே குடும்பத்தில், ஒரே காலத்தில், இரண்டு நான்சி ஹாங்க்ஸ். கிடாரி பெற்றவர் ஹால் வீட்டு நான்சி. லிங்கனின் தாய்க்கு அவர் சித்தி.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இங்கே தடுமாறுவதற்கு அவர்கள் மொழியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தாயின் தங்கை, தாயின் அக்கா, தந்தையின் உடன்பிறந்தாள், மாமன் மனைவி எல்லாருக்கும் 'ஆன்ட்' என்ற ஒரே சொல். டென்னிஸை எல்லா நூல்களும் லிங்கனின் 'கசின்' என்றே குறிக்கின்றன. தமிழ் முறையில் வைத்துப் பார்த்தால் கணக்கு நேராகிறது: சித்தி மகன் என்பதால் நான்சிக்கு டென்னிஸ் தம்பி, அப்படியானால் ஆபிரகாமுக்கு மாமா. பத்து வயது மூத்த மாமாவும் மருமகனும் ஒரே பரணில் படுத்துறங்கி வளர்ந்த வீடு அது.

டென்னிஸின் வாய்மொழியும் குழப்பத்தைக் கூட்டியது. லிங்கனின் தாய் நான்சி ஸ்பாரோ என்று அவர் சாதித்தார். முழுக்கப் பொய் என்று தள்ளவும் முடியாது. நான்சியை வளர்த்தவர்கள் இன்னொரு சித்தியான எலிசபெத்தும் அவர் கணவர் தாமஸ் ஸ்பாரோவும். வளர்த்த வீட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தாயின் நடத்தை பற்றிய பேச்சை மறைக்க அந்தப் பெயர் உதவியுமிருக்கலாம்.

இரண்டாம் விடை இன்னும் திறமையாகக் கட்டப்பட்டது. ஜோசப்புக்கு ஜேம்ஸ் என்று ஒரு மகன் இருந்தார், அவர் லூசி ஷிப்லி என்பவரை மணந்தார், நான்சி பிறந்ததும் ஜேம்ஸ் இறந்தார், விதவை லூசி பிறகு ஹென்றி ஸ்பாரோவை மணந்தார் என்பது அதன் சாரம். இதன்படி நான்சி திருமணத்தில் பிறந்த ஹாங்க்ஸ். ஆனால் தாய்வழியில் ஷிப்லி. ஜோசப்பின் உயிலில் ஜேம்ஸ் என்ற மகன் இல்லை. முன்னமே இறந்தவருக்கு உயிலில் என்ன வேலை என்று இந்தக் கட்சியினர் கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால் அது இல்லாமையை வைத்துக் கட்டிய சுவர்.

அவர்களிடம் இருந்த ஒரே உருப்படியான தாள் நான்சியின் திருமணப் பிணைப்பத்திரம். அது கிடைத்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

தவறான நீதிமன்றத்தில் தேடியது

தாமஸ் லிங்கனுக்கும் நான்சிக்கும் திருமணமே ஆகவில்லை என்ற பேச்சு நெடுங்காலம் உலவியது. ஹார்டின் கவுண்டியில் பதிவு இல்லாததுதான் அதற்கு எரிபொருள். வடக்குக் கரோலினா மலைப்பகுதியில் ஒரு கதை இன்றைக்கும் உண்டு: ஏப்ரகாம் என்லோ என்ற நிலக்கிழார் வீட்டில் வேலை செய்த நான்சி ஹாங்க்ஸ் என்ற பெண்ணுக்குப் பிறந்தவர்தான் லிங்கன் என்று. நான்சி என்பதும் ஹாங்க்ஸ் என்பதும் அந்த மலைகளில் அரிய பெயர்கள் அல்ல. அதற்கு மேல் இந்தக் கதைக்குச் செலவிட நேரமில்லை.

பத்திரம் 1878-இல் கிடைத்தது, பக்கத்து வாஷிங்டன் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்ட் நீதிமன்றத்தில். மணமகன் குடியிருந்த இடத்தில் எல்லாரும் தேடினார்கள். பிணைப்பத்திரம் எழுதுவதோ மணமகளின் கவுண்டியில். மணமகனும் இன்னொருவரும் சேர்ந்து, திருமணத்துக்குச் சட்டத் தடையில்லை என்று 50 பவுண்டுக்குப் பிணை நிற்பார்கள். 1806 ஜூன் 10 அன்று தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெரி என்பவரும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜூன் 12 அன்று ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் குரு மணமுடித்து வைத்தார். மூத்த குழந்தை சாரா பிறந்தது 1807 பிப்ரவரியில், ஆபிரகாம் 1809 பிப்ரவரியில். வதந்திக்கு இனி இடமில்லை.

இந்த மாதிரித் தேடலில் கவுண்டிகளின் வரலாறுதான் முதல் பாடம். லிங்கன் பிறந்த இடம் அன்று ஹார்டின் கவுண்டி. 1843 முதல் லரூ கவுண்டி. வாஷிங்டன் 1792-இல் நெல்சனிலிருந்து பிரிந்தது. ஹார்டினும் நெல்சனின் துண்டுதான். 1792 ஜூன் 1 வரை இவை யாவும் வர்ஜீனியாவே. குடும்பம் ஒரே ஓடைக்கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால்கூட அதன் தாள்கள் மூன்று நகரங்களில் சிதறிக் கிடக்கும். நான்சி பிறந்த ஹாம்ப்ஷயர் பகுதிக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. 1862 டிசம்பர் 31 அன்று மேற்கு வர்ஜீனியா மாநிலம் அமைக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டவர் அதிபர் லிங்கன். தாய் பிறந்த ஊரை வர்ஜீனியாவிலிருந்து பிரித்து எடுத்தது மகனின் கையெழுத்து. 1866-இல் அந்த ஊர் மறுபடி பிரிந்து மினரல் கவுண்டிக்குள் போயிற்று.

பிணைப்பத்திரத்துக்குத் திரும்புவோம். ரிச்சர்ட் பெரியின் பெயருக்குப் பின்னால் 'காப்பாளர்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஷிப்லி கட்சியினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ரிச்சர்ட் பெரியின் மனைவி ரேச்சல் ஷிப்லி; ஆகவே நான்சி தன் பெரியம்மாவோ சித்தியோ ஆன ரேச்சல் வீட்டில் வளர்ந்தவள் என்றார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ரேச்சலின் கணவர் ரிச்சர்ட் பெரி 1798-லேயே இறந்துவிட்டார். 1806-இல் கையெழுத்திட்டது அதே பெயர்கொண்ட மகன். அத்தோடு மணமகளுக்கு 22 வயது. 21 நிறைந்தவருக்குக் காப்பாளர் தேவையே இல்லை. மீண்டும் ஒரு பெயர் இரண்டு ஆட்களை ஒன்றாக்கிக் காட்டியிருக்கிறது.

லூசியின் கையெழுத்து

மூன்றாம் விடையைச் சொன்னவர் லிங்கனே. ஆனால் எழுதியவர் வேறொருவர். 1850 வாக்கில் ஒரு நீதிமன்ற வழக்குக்காகக் குதிரை வண்டியில் போகும்போது, தம் தாய் லூசி ஹாங்க்ஸுக்கும் நல்ல குடும்பத்து வர்ஜீனிய நிலக்கிழார் ஒருவருக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கன் சொன்னதாக அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் பின்னாளில் பதிவுசெய்தார். லிங்கன் இறந்து பல ஆண்டுகள் கழித்து அது அச்சேறியபோது எழுந்த கோபம் கொஞ்சமல்ல. ஹெர்ன்டனைப் பொய்யர் என்றார்கள்.

ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னது. அதுவும் பல ஆண்டுகள் கழித்து. தனியே நின்றால் பலவீனமான சாட்சிதான். ஆனால் அதைச் சுற்றித் தாள்கள் வந்து சேர்ந்தன. மெர்சர் கவுண்டியின் கிராண்ட் ஜூரி (யார் மேல் குற்றம் சுமத்துவது என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு), 1789 நவம்பரில், ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டில் லூசி ஹாங்க்ஸ் என்ற பெண்ணின் பெயரை எழுதியது. 1790 ஏப்ரல் 26 தேதியிட்ட ஒரு சீட்டு அதே கவுண்டியில் இருக்கிறது. தனக்கு வயது நிறைந்துவிட்டதாகவும், தன்னை மணக்க ஹென்றி ஸ்பாரோ இன்றோ வேறு எந்த நாளிலோ உரிமம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் லூசியே எழுதிக் கையெழுத்திட்டது. எழுத்துப் பிழைகள் உண்டு. எழுத்தில் தயக்கம் இல்லை. 1791 ஏப்ரல் 3 அன்று திருமணம் நடந்தது.

எனக்கு இந்தச் சீட்டு மிகவும் பிடிக்கும். தந்தையின் சம்மதத்தை அவள் கொண்டுவரவில்லை, தானே எழுதினாள். ஷிப்லி கட்சி சொன்னபடி அவள் விதவையாக இருந்திருந்தால், வயது நிறைந்துவிட்டது என்று சான்று எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. விதவை என்று எழுதிவிட்டுப் போயிருப்பாள். தந்தையின் உயிலில் அவள் பெயர் இல்லாததற்கும், கிராண்ட் ஜூரி ஏட்டில் அவள் பெயர் இருப்பதற்கும் ஒரே காரணம்தான் என்று ஊகிப்பதில் தவறில்லை. திருமணமாகாமல் வாழும் பெண்ணைப் பற்றி ஒரு எல்லைப்புற அரசு எப்போது எழுதும்? அவள் மேல் வழக்கு வரும்போதுதான்.

இந்தத் திசையில் தாள்களைக் கோத்து வாதத்தைக் கட்டியவர் வில்லியம் பார்ட்டன், 1920-களில். ஹிட்ச்காக்கின் நான்சியை ஹால் வீட்டுக்கு அனுப்பியதும், ஜோசப்பின் வேர் மாசசூசெட்ஸில் அல்ல, வர்ஜீனியாவில் என்று காட்டியதும் அவர். ஆனாலும் ஷிப்லி கதை சாகவில்லை. மெர்சர் கவுண்டி லூசி பிறப்பால் ஹாங்க்ஸா, திருமணத்தால் ஹாங்க்ஸா என்பதை எந்தத் தாளும் நேரடியாகச் சொல்லவில்லை. வாதம் முழுவதும் அந்த ஒரு முடிச்சில் தொங்கியது.

தாள்கள் முடிந்த இடத்தில்

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மகள் அதைத் தன் மகளுக்குக் கொடுப்பாள், மகனோடு அது நின்றுவிடும். ஆகவே ஆபிரகாமின் மரபு வழியாக இதைத் தேட முடியாது. அவர் தாயிடமிருந்து பெற்றதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஐயத்துக்கிடமற்ற அவருடைய கடைசி வாரிசும் 1985-இல் இறந்துவிட்டார். நான்சியின் ஒரே மகள் சாரா 1828-இல் பிரசவத்தில் குழந்தையோடு இறந்தார். நான்சியின் சொந்தப் பெண்வழி அத்தோடு அறுந்தது.

2015-இல் வெளியான ஆய்வு அதனால் சுற்றுவழியில் போயிற்று. ஹென்றி ஸ்பாரோவுக்கும் லூசிக்கும் பிறந்த மகள்களின் வழியில், தாய்க்குத் தாயாக இடையறாமல் வந்து இன்று வாழ்கிறவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜோசப்பின் மகள்கள் வழியில் வந்தவர்களையும், ஷிப்லி சகோதரிகள் வழியில் வந்தவர்களையும் அப்படியே தேடிப் பிடித்தார்கள். லூசி ஷிப்லியாக இருந்தால் அவள் வழியினர் ஷிப்லிகளோடு பொருந்த வேண்டும். ஹாங்க்ஸ் வீட்டு மகளாக இருந்தால் ஜோசப்பின் மகள்களோடு.

லூசி வழியினரும் ஹாங்க்ஸ் சகோதரிகள் வழியினரும் ஒரே மரபுக்குழுவில், அதாவது தொல்பழங்காலத் தாய் ஒருத்தியின் வழிவந்தவர்களின் பிரிவில், வந்தார்கள்: எக்ஸ்1சி. ஷிப்லி வழியினர் வேறு குழு. எக்ஸ்1சி மிகவும் அரிதானது என்பதுதான் இங்கே முக்கியம். ஐரோப்பியரிடம் பரவலாகக் காணப்படும் ஒரு குழுவில் இரு தரப்பும் பொருந்தியிருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது. லூசி, ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆனின் மகள். எலிசபெத், பாலி, நான்சி ஆகியோரின் அக்கா. 1782-இன் பதினோராவது தலை.

சோதனை எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதில் கவனம் வேண்டும். நான்சியின் உடலிலிருந்து யாரும் மாதிரி எடுக்கவில்லை. நான்சி லூசியின் மகள் என்பதற்கு இன்றும் ஆதாரம் லிங்கன் சொன்னதும் உறவினர் சாட்சியும்தான். சோதனை நிறுவியது, அந்த லூசி எந்த வீட்டில் பிறந்தவள் என்பதை. ஆனால் இரண்டும் சேரும்போது மற்ற இரு கதைகளும் விழுகின்றன. ஹெர்ன்டன் மேல் ஒட்டியிருந்த பொய்யர் என்ற பட்டமும் இந்த விஷயத்தில் உதிர்கிறது. அந்த வர்ஜீனிய நிலக்கிழாரின் பெயரோ எந்தத் தாளிலும் இல்லை. அப்படிப்பட்ட மனிதர்களுக்குப் பெயர் எழுதப்படாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருந்தது. வழக்கு லூசி மேல்தான் வந்தது.

நான்சி 1818 அக்டோபர் 5 அன்று இந்தியானாவின் லிட்டில் பிஜன் ஓடைக் குடியேற்றத்தில் இறந்தார், 34 வயதில். வெண்ணிறப் பூப் பூக்கும் ஒரு காட்டுச் செடியை மேய்ந்த மாடுகளின் பாலால் வந்த நஞ்சு. வளர்த்த தாமஸ், எலிசபெத் ஸ்பாரோ இருவரும் சில வாரம் முன்பு அதே நோயில் போயிருந்தார்கள். பின்னர் ஹால் வீட்டு நான்சியும் அங்கேயே அடக்கமானார். ஆய்வாளர்களை இவ்வளவு காலம் குழப்பிய இரண்டு நான்சிகளும் ஒரே இடுகாட்டில்.

இந்தியானாவுக்கு ஏன் போனார்கள் என்பதையும் பத்திரங்களே சொல்கின்றன. கென்டக்கியில் நிலத்தை மரத்தையும் பாறையையும் ஓடையையும் எல்லையாக வைத்து அவரவர் அளந்துகொண்டார்கள்; ஒருவர் அளவின் மேல் இன்னொருவர் அளவு ஏறியது. வில்லங்கம் இல்லாத பட்டா அபூர்வம். மூன்று பண்ணைகளிலும் தாமஸ் அடிபட்டார். அடிமைமுறை ஒரு பங்கு காரணம், நிலப்பட்டாச் சிக்கலே முதன்மைக் காரணம் என்று மகன் 1860-இல் எழுதினார். இந்தியானாவிலோ அரசே சதுரமாக அளந்து விற்றது.

1803-இல் மில் ஓடைப் பக்கம் தாமஸ் 118 பவுண்டுக்கு 238 ஏக்கர் வாங்கினார். அளவில் பிழை. 1814 அக்டோபரில் விற்கும்போது 200 ஏக்கரைத்தான் விற்க முடிந்தது. நூறு பவுண்டு கிடைத்தது. அந்த விற்பனைப் பத்திரத்தில் தாமஸ் தம் பெயரை எழுதியிருக்கிறார். மனைவியும் விதவைப் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமே. அடுத்து நான்சி லிங்கன். பெயரை எழுதியது எழுத்தர். தன் திருமணச் சம்மதத்தைத் தானே எழுதிய லூசியின் மகள், இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகள் கிழித்திருக்கிறார்.